மண்புழுவுக்குக் கட்டிய பரிவட்டம்

மாடும் சேவலும் மண்புழுவும் மனிதர்களோடு சரிக்குச் சரி நின்று வாயாடிய அந்தக் காலத்தில், மண்புழுவின் உடம்பு தலை முதல் வால் வரை ஒரே மொழுக்கென்று இருந்தது. இப்போது அதன் கழுத்துப் பக்கம் வெளிறலாக ஒரு பட்டை தெரிகிறதே, அது அப்போது கிடையாது. தலை எது, வால் எது என்று யாருக்கும் பிடிபடாது. அது ஒரு முனையில் பேசும். கேட்கிறவர்கள் இன்னொரு முனையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மரியாதை என்ற ஒன்றை அது கண்ணால் கண்டதில்லை. அதற்குக் கண்ணும் இல்லை, அது வேறு விஷயம். அந்தப் புழுவுக்குப் பட்டை வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். பாதியில் யாரும் எழுந்து போகக்கூடாது, சொல்லிவிட்டேன்!

வன்னிக்குறிச்சி என்று ஓர் ஊர். ஊர் நடுவே அம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு தோட்டம். அம்மன் கொல்லை என்பார்கள். அதில் ஒருத்தருக்கும் சொந்தப் பாத்தி கிடையாது. வீட்டுக்கு ஓர் ஆள் முறைவைத்து வந்து கொத்துவார்கள், தண்ணீர் இறைப்பார்கள், களை பறிப்பார்கள். காய்த்ததை எல்லா அடுப்புக்கும் பங்கு வைப்பார்கள். பங்குனியில் அம்மனுக்குக் கொடைவிழா. அன்றைக்குப் படையல் இலையில் வைக்கிற காய்கறி முழுக்க இந்தக் கொல்லையில் விளைந்ததாகத்தான் இருக்கவேண்டும். வெளியூரில் வாங்கி வைத்தால் அம்மன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்.

அந்த வருஷம் கொல்லைக்காக நிறைய உழைத்தவர் யாரோ, அவர் தலையில் அம்மனுடைய பட்டுத்துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். அதுதான் பரிவட்டம், ஊரின் முதல் மரியாதை. வருஷா வருஷம் செவலைக் காளைதான் அதைக் கட்டிக்கொண்டு கொம்பை ஆட்டி ஆட்டி ஊர்வலம் போகும். ஏர் இழுக்கிறவன் அல்லவா! அதன் தோரணைக்குக் கேட்கவா வேண்டும்.

கொல்லைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாப்பிட்ட இலை, மிஞ்சிய சோறு, உரித்த தோல், சீவிய தொலி எதுவும் அதற்குள் விழக்கூடாது. எல்லாம் எச்சில். அம்மன் நிலத்தில் எச்சில் படலாமா? வேலிக்கு வெளியே கொண்டுபோய் எறிந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மீறிக் கொட்டியவரை ஊர் தள்ளிவைக்கும். அடுப்புக்கு நெருப்பு கேட்டால் கிடைக்காது, ஊர்க்கிணற்றில் வாளி இறக்கமுடியாது.

இப்படியே தலைமுறை தலைமுறையாக மண்ணிலிருந்து எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். திருப்பி ஒரு பிடி கொடுக்கவேண்டும் என்று ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. மண் வெளுத்துப்போய் இறுகியது. செவலை ஏர் இழுத்தால் கொழு முனை மடங்கியது. கத்தரிக்காய் சுண்டைக்காய் மாதிரி காய்த்தது. கீரை முளைக்கும்போதே மஞ்சளாக முளைத்தது. வேலிக்கு வெளியே குப்பைமேடு மட்டும் ஜோராக வளர்ந்து ஊரையே நாறடித்தது.

ஒரு பங்குனிக் கொடைக்குப் படையல் இலையில் வைக்க நாலைந்து சொத்தைக் கத்தரிக்காயும் முற்றிப்போன வெண்டைக்காயும்தான் தேறின. வெட்கக்கேடு! ஊர்ப்பெரியவர் மாசானம் இலையைப் பார்த்தார், அம்மன் முகத்தைப் பார்த்தார், தோள் துண்டை எடுத்து உதறினார்.

"இந்த மண்ணு செத்துப்போச்சு. வாற வருசக் கொடைக்கும் இலை இப்படித்தான் கெடக்கும்னா, பிடிமண் எடுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிருவோம்."

பிடிமண் என்றால் அம்மன் இருக்கிற நிலத்திலிருந்து ஒரு கைப்பிடி மண். அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார்களோ அங்கே புதுக்கோயில் எழும்பும், ஊரும் அதோடு போய்விடும். பழைய இடத்தில் அதன்பிறகு விளக்கு எரியாது, மனித நடமாட்டமே இருக்காது. மண் செத்தபிறகு வேறென்ன செய்வது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பேராச்சி மட்டும் தலையாட்டவில்லை.

பேராச்சி அந்த ஊருக்கு வாழ வந்தவள். அவளுக்குப் பிறந்த ஒரே பெண்குழந்தை, கண்ணைத் திறந்து தாயை நன்றாகப் பார்ப்பதற்குள் போய்விட்டது. அதைக் கொல்லை வேலிக்கு வெளியே, குப்பைமேட்டை ஒட்டிய ஆவாரஞ்செடிக்குக் கீழேதான் புதைத்திருந்தார்கள். தினமும் மதியம் அங்கே போய் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். ஊர் போய்விட்டால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? 'என் பிள்ளையை நாயும் நரியும் திரியுற காட்டில் விட்டுட்டு நான் எப்படிப் போவேன்' என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணி மாதத்து வெயிலில் ஒருநாள் அப்படித்தான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"ஐயையோ தாயி! உப்புத்தண்ணியை என் மேல ஊத்தாதே, எரியுது!"

பேராச்சி பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கோ" என்றாள், அதன் வாலைப் பார்த்து.

"இந்தப் பக்கம் தாயி, இந்தப் பக்கம். எதுக்கு அழுற?"

கேட்டதுதான் தாமதம், அவள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டாள். புழு பொறுமையாகக் கேட்டது.

"சரி, இந்த ஆவாரஞ்செடியைப் பாரு. கொல்லையே காய்ஞ்சு கெடக்கே, இது மட்டும் எப்படி இவ்வளவு பச்சையா நிக்குது?"

அவள் அப்போதுதான் அதைக் கவனித்தாள். செடி முழுக்கப் பூவாக இருந்தது. இத்தனை நாள் பிள்ளையைப் பார்க்க வந்தாளே தவிரச் செடியைப் பார்க்கவில்லை.

"நீ ஊத்துற தண்ணி ஒரு பங்கு. மிச்சமெல்லாம் நான்" என்றது புழு, கொஞ்சம் பெருமையாகவே. "மேட்டுல விழுறதைத் தின்னு தின்னு இதுக்கு அடியில கொண்டுவந்து போடுதேன். உங்க கொல்லை மண்ணு சாகல தாயி, பசியில மயங்கிக் கெடக்கு. எல்லாரும் அதுகிட்ட வாங்கித் தின்னீங்களே, யாராச்சும் அதுக்கு ஒருவாய் போட்டீங்களா?"

"போடுறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு?"

"எறியுறீங்களே, அதுதான்."

பேராச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எச்சிலையா? அம்மன் நிலத்துலயா? நாக்கு அழுகிப்போகும்!"

"நீ அம்மனுக்கா போடப்போற? எனக்குப் போடு. நான் அம்மனுக்குப் போட்டுக்கிடுதேன்."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சோற்றை வடிக்கப்போய்க் கஞ்சியோடு சோற்றையும் கொட்டினாள். ஊர் தள்ளிவைத்தால் என்ன கதி என்று பயம் ஒருபக்கம். ஆவாரஞ்செடியின் பச்சை கண்ணிலேயே நின்றது இன்னொருபக்கம். மறுநாள் மதியம் ஊரே உண்ட மயக்கத்தில் சுருண்டு கிடக்கும்போது, தான் சாப்பிட்ட வாழையிலையை மடித்தாள். காய்த்தோல், புளிக்காத பழைய சோறு, மாட்டுத்தொழுவத்தில் ஆறிக்கிடந்த சாணம் எல்லாவற்றையும் ஒரு கடகப்பெட்டியில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். கொல்லையின் நடுப்பாத்தியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, குழி பறித்து, அம்மா தாயே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு எச்சிலை அதில் போட்டாள்.

வானம் இடிந்து விழவில்லை. அவள் ஒரு கண்ணை மெதுவாகத் திறந்து நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மண்புழுவையும் அதன் சுற்றத்தையும் ஈரக் குப்பையோடு அள்ளிக்கொண்டுவந்து குழியில் விட்டாள். "வெயில் படாம சருகு போட்டு மூடு. ஈரம் காயவிடாதே. உப்பு, புளி, ஊறுகாய் மட்டும் போட்டுறாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் புழு உள்ளே போனது. பூவரசஞ் சருகைப் பரப்பி மூடினாள். தினமும் மதியம் இதே வேலைதான்.

புரட்டாசியில் சேவல் கண்டுபிடித்துவிட்டது. அந்த ஊர்ச் சேவலுக்கு வாய் சும்மா இருக்காது. புழுவைத் தேடிக் குழியைக் கிளறப்போய் வாழையிலைத் துண்டு காலில் மாட்டியது. அவ்வளவுதான், கூரை மேல் ஏறிக்கொண்டு, "கொல்லையில எச்சில்! கொல்லையில எச்சில்!" என்று ஊரைக் கூட்டிவிட்டது.

மாசானம் வந்தார். ஊரே அவர் பின்னால் வந்தது. பேராச்சி கையில் பெட்டியோடு நின்றாள்.

"ஏட்டி பேராச்சி! என்ன காரியம் பண்ணிவச்சிருக்க?"

"மண்ணுக்குச் சோறு போட்டேன் மாமா."

"எச்சிலையா?"

"நம்ம எல்லாரும் தின்னு முடிச்ச பெறவு வேற என்ன மாமா மிஞ்சுது?"

"வாயப் பாரு!" என்றது செவலைக் காளை. "நான் இத்தனை வருசம் ஏர் இழுத்து விளையாததா ஒரு புழு நெளிஞ்சு விளையப்போகுது?"

மாசானம் கெட்டவர் இல்லை. ஆனால் கட்டுப்பாடு என்று வந்துவிட்டால் கல்லு. "இந்த நிலம் தீட்டாயிருச்சு. இனி கொடை வரைக்கும் இதுக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது. இலையில என்ன விழுந்தாலும் சரி, விழாட்டாலும் சரி, கொடையன்னைக்குப் பிடிமண் எடுத்துட்டு ஊரு கிளம்புது. உனக்கு நெருப்பும் தண்ணியும் கிடையாது. நீ இங்கேயே கெட. அது வரைக்கும் நான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப்போறதில்ல."

அப்போது கூட்டத்திலிருந்து அவள் புருஷன் ஊய்க்காட்டான் வெளியே வந்து அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான். ஊரில் அதிகம் பேசாத ஆள். "அவ கெடக்கிற இடத்துல நானும் கெடக்கேன். என் பிள்ளையும் இங்கதான் இருக்கு" என்றான். பேராச்சி அவனை அதற்கு முன்னால் அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை.

தள்ளிவைத்தார்களே, அதுதான் அவர்கள் செய்த தப்பு! தள்ளிவைத்தவளை இனி யார் தடுப்பது? ஊர்க்கிணறு இல்லாவிட்டால் போகிறது, தீட்டான கொல்லைக்கிணறு முழுக்க அவளுக்குத்தான். புருஷனும் பெண்டாட்டியும் பாத்தி பாத்தியாகக் குழி பறித்தார்கள். ஐப்பசியில் மழை கொட்டியது. புழுக்கள் பெருகிப் பாத்திக்குப் பாத்தி இறங்கின. கார்த்திகை பிறந்தபோது நடுப்பாத்தி மண் கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. பேராச்சி கத்தரி நட்டாள், கீரை தெளித்தாள். எச்சிலோடு விழுந்த விதையெல்லாம் சுரையாகவும் பீர்க்காகவும் தானே முளைத்து வேலியேறின.

ஒருநாள் மதியம் பக்கத்து வீட்டுப் பத்திரகாளி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"மதினி, யாருகிட்டயும் சொல்லிராத. என் வீட்டுத் தொலியும் கொஞ்சம் கொண்டாந்திருக்கேன். போட்டுக்கோ. ஒருபிடி கீரை பறிச்சுக்கிடட்டுமா? பிள்ளைக்கு வாயெல்லாம் புண்ணு."

பேராச்சி மடி நிறையக் கீரை பறித்துக் கொடுத்தாள். பத்திரகாளி போகவேண்டியதுதானே, தயங்கி நின்றாள். "ஆனா மதினி, உன் வீட்டு எச்சிலும் என் வீட்டு எச்சிலும் ஒரே குழியிலயா?"

குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "என் வயித்துக்குள்ள போன பெறவு எது எந்த வீட்டுதுன்னு எனக்கே தெரியாது தாயி. நீ போடு!"

மறுநாள் இன்னொருத்தி வந்தாள். அதற்கடுத்து வேறு தெருவிலிருந்து ஒருவர் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அடுத்தவருக்குத் தெரியாமல் வருவதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு! ஒரு மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வேலிச் சந்தில் முட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு திருட்டுமுழி. "நான் ஆடு தேடி வந்தேன்" என்றார் ஒருவர். "பெட்டிக்குள்ளயா?" என்றாள் பத்திரகாளி. அப்புறம் என்ன, சிரிப்புத்தான். அதன்பிறகு ஒளிவுமறைவு போய், வீட்டுக்கு ஓர் ஆள் முறைவைத்துக் குழிக்குக் கொட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சருகு அள்ளிப்போட்டார்கள். யார் யார் வீட்டு இலையோ ஒன்றாகக் கிடந்து மட்கியது. வேலிக்கு வெளியே குப்பைமேடு கரைந்தே போய்விட்டது.

கடைசியாகப் பெட்டியோடு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாசானத்தின் பெண்டாட்டி ஆவுடை!

ஊரில் விஷயம் தெரியாத ஒரே ஆள் மாசானம்தான். அந்தப் பக்கம் திரும்பமாட்டேன் என்று சொன்னவர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டே போய்வந்தார். வீட்டில் உட்கார்ந்து கீரையைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "என்ன ஆவுடை, கீரை இம்புட்டு ருசியா இருக்கு? எங்க பறிச்ச?" என்று கேட்பார். "ஆத்தோரத்துல" என்பாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பார்த்தியா, ஆத்தங்கரை மண்ணு! நான் அப்பவே சொல்லல?" என்று அவர் இன்னும் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிடுவார்.

பங்குனிக் கொடை வந்தது. மேளம் முழங்க, பூசாரி முன்னால் நடக்க, மாசானம் கடப்பாரையோடு கொல்லைக்கு வந்தார். இறுகிய மண்ணில் பிடிமண் எடுக்கக் கடப்பாரை இல்லாமல் முடியாது என்று அவர் கணக்கு. வேலிக்குள் வந்து முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பந்தல் தாழத் தாழச் சுரைக்காய். வேலி தெரியாமல் பீர்க்கம்பூ. கத்தரிச்செடி காய் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேராச்சி ஆவாரஞ்செடிப் பக்கம் நின்று புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காய் இருக்கட்டும்" என்றார் மாசானம், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "எச்சில் பட்ட நிலம், எச்சில் பட்ட நிலம்தான். அம்மன் இதுல இருக்கமாட்டா. நான் சொன்னது சொன்னதுதான்."

அவர் கடப்பாரையை ஓங்கி முழுப்பலத்தோடு குத்தினார். குத்து விழவேண்டிய மண், கல்லு மண்ணா இப்போது? கடப்பாரை சர்ரென்று பிடிவரைக்கும் இறங்க, ஊர்ப்பெரியவர் குப்புற விழுந்தார். ஊன்றிய கை இரண்டும் மணிக்கட்டு வரை மண்ணுக்குள் போய்விட்டன.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பயம்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையால் மண்ணை அள்ளினார், உதிர்த்தார், மறுபடி அள்ளினார். எச்சில் இலையைத் தேடினார். ஒரு சோற்றுப்பருக்கை, ஒரு தொலி, ஒரு நார்? எதுவும் இல்லை. முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முதல் மழை விழுந்த வாசனை அடித்தது.

"எச்சில் எங்க போச்சு?" என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி.

"மெதுவாப் பிடிங்க பெரியவரே, நசுங்குது!" என்றது அவர் கைக்குள்ளிருந்து ஒரு குரல். "எச்சில் என் வயித்துக்குள்ள போச்சு. வெளிய வந்தது எச்சில் இல்ல, மண்ணு. உங்க அம்மன் மண்ணு."

மாசானம் உள்ளங்கையையே பார்த்தார். ஆவுடை முன்னால் வந்தாள்.

"நீங்க இத்தனை மாசமா ஆத்தங்கரைக் கீரைன்னு சாப்பிட்டது இதுதான். நாக்கு அழுகிச்சா? இன்னும் ரெண்டு கவளம் கேட்டுச்சா?"

அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த சிரிப்பை ஊரால் அதற்குமேல் அடக்கமுடியவில்லை. மாசானமே சிரித்துவிட்டார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிடிமண்ணாக எடுத்த அந்தக் கைப்பிடியை, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்து, தடவிக்கொடுத்தார். பிறகு பேராச்சியைப் பார்த்தார்.

"ஏட்டி, உன் பிள்ளை இருக்கிற இடத்துலதான் ஊரும் இருக்கும். எங்கயும் போகல."

பெண்கள் போட்டார்கள் பாருங்கள் ஒரு குலவை! ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பேராச்சி அழுதாள், அழுதபடியே புழு இருந்த இடத்தில் கண்ணீர் விழாமல் தள்ளிப்போய் நின்று அழுதாள்.

பூசாரி பரிவட்டத்தோடு வந்தார். வழக்கப்படி செவலைக் காளை தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து நின்றது. மாசானம் அதைத் தாண்டிப் பேராச்சியிடம் போனார். அவளோ, "எனக்கு வேண்டாம் மாமா, உழைச்சது அது" என்று மண்ணைக் காட்டினாள். செவலை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றது. பிறகு, "கட்டுங்க, கட்டுங்க. இனிமே ஏர் இழுக்கும்போது என் தோளு நோகாதுல்லா" என்று பெரிய மனசோடு ஒதுங்கிக்கொண்டது.

அங்கேதான் சிக்கல். பட்டுத்துணியில் நூலகலம் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு பூசாரி விழித்தார். தலை எது?

"பேசுற பக்கம்தான் தலை, ஏதாவது பேசுப்பா" என்று கெஞ்சினார். புழுவின் வாய் நிறைய மண், அது எங்கே பேசுகிறது! இந்த முனையா, அந்த முனையா என்று ஊரே குனிந்து வாதாடியது. பேராச்சிதான் விரலால் மெல்லத் தொட்டு, "இந்தப் பக்கம்" என்றாள். அத்தனை மதியம் அதோடு பேசியவள் அல்லவா! தலையில் கட்டினால் வழுக்கிக்கொண்டு போனது. சற்றுக் கீழே இறக்கிக் கழுத்தில் கட்டினார் பூசாரி. ஈர உடம்பில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஊர்வலம் போகலாமா?" என்றார் மாசானம்.

மண்புழு வாயிலிருந்ததை விழுங்கியது. "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேலை கெடக்கு" என்று சொல்லிப் பரிவட்டத்தோடு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அது கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அதற்கப்புறம் அதன் வாய்க்கு ஓய்வே கிடைக்கவில்லை.

வேண்டுமானால் நீங்களே தோட்டத்தில் ஒருபிடி ஈரமண்ணை அள்ளிப் பாருங்கள். குட்டிப்புழுவுக்குப் பட்டை இருக்காது. இன்னும் உழைத்துக் காட்டவில்லையே, மரியாதை எப்படிக் கிடைக்கும்? தின்று, மட்கவைத்து, மண்ணாக்கி வளர்ந்த புழுவுக்குத்தான் பட்டை. வன்னிக்குறிச்சி ஊர் பிடிமண்ணை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்த அந்தக் கொடையன்றிலிருந்துதான், உழைத்து வளர்ந்த மண்புழு ஒவ்வொன்றும் கழுத்தில் பரிவட்டம் கட்டிக்கொண்டு மண்ணுக்குள் நடமாடுகிறது.